50 கேபிக்குள் ஒரு பனிக்காலம்

கணினித் திரையில் பெய்யும் பனி அழுக்காகத்தான் பிறக்கிறது. கறுப்பு நிரப்பிய ஒரு செவ்வகத்தைத் திறந்து, படத்திருத்த மென்பொருளின் 'நாய்ஸ்' ஃபில்டரை ஏவினால் செவ்வகம் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளிகள் இறையும். புகைப்படக்காரர்கள் காலமெல்லாம் ஒழிக்கப் பாடுபட்ட குறையை வேண்டுமென்றே வரவழைக்கிற ஃபில்டர் அது. புள்ளி ஒவ்வொன்றும் சரியாக ஒரு பிக்சல், எல்லாம் ஒரே அளவு. பனி அப்படி இருக்காது. ஆகவே அடுத்த வேலை அதை மங்கலாக்குவது. மங்கலாக்கியதும் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து வெறும் சாம்பல் படலமாகிவிடும். புதிதாகச் செய்பவர்கள் 'எல்லாம் போச்சு' என்று கைவிடுகிற இடம் இதுதான். கொஞ்சம் பொறுத்து 'லெவல்ஸ்' பெட்டியைத் திறந்து, கறுப்பு முள்ளையும் வெள்ளை முள்ளையும் நெருக்கிக் கொண்டுவந்தால், தற்செயலாகப் பல புள்ளிகள் கூடியிருந்த இடங்கள் மட்டும் வெண்திட்டுகளாக மிஞ்சும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று சற்றே கோணல். யாரும் வரையாத பனி.

கடைசியாக அந்த லேயரின் கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்ற வேண்டும். கறுப்பு கண்ணுக்கு மறைந்து, வெள்ளை மட்டும் அடியில் இருக்கும் படத்தின்மேல் உட்காரும். ஓக் மரமோ, மெழுகுவத்தியோ, சான்டாவின் வண்டியோ, எதன்மேலும் அது பெய்யும். 1990-களின் கடைசியில் தொடங்கி டிசம்பர்தோறும் இணையத்தில் கொட்டிய ஜிஃப் பனியில் பெரும்பகுதி இந்த வழியில், அல்லது இதன் ஏதோ ஒரு குறுக்கு வழியில் வந்ததுதான்.

இதற்குப் பேர்போன கருவி ஃபோட்டோஷாப் என்று தோன்றலாம். வீட்டு மேசையில் பனி செய்தவர்களில் பலருக்கு அதன் விலை எட்டாத உயரம். அவர்கள் கையில் இருந்தது பெயின்ட் ஷாப் ப்ரோ. ராபர்ட் வாய்ட் என்ற விமான ஓட்டி தொடங்கிய ஜாஸ்க் நிறுவனத்தின் சரக்கு. முதலில் பயன்படுத்திப் பார், பிடித்தால் பணம் அனுப்பு என்ற முறையில் பரவியது. ஜாஸ்க் இயங்கிய ஊர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஈடன் ப்ரெய்ரி. குளிர்காலம் முழுக்க வாசல் பனியை மண்வெட்டியால் வாரிக் கொட்டிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க முடியும் என்கிற ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் 1998-இல் தங்கள் மென்பொருளின் 5-ஆம் பதிப்போடு 'அனிமேஷன் ஷாப்' என்று ஒரு துணைக் கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபோட்டோஷாப் 5.5, 'இமேஜ்ரெடி'யைக் கூட்டிக்கொண்டு வந்தது. நிலைப்படத்துக்கு ஒரு மென்பொருள், அதை அசைப்பதற்கு இன்னொன்று என்ற இரட்டைக் குடித்தனம் சில ஆண்டுகள் நீடித்தது.

அனிமேஷன் ஷாப்பைச் சுற்றி ஒரு சமூகமே உருவானது. பெரும்பாலும் பெண்கள், நடுவயதைக் கடந்தவர்கள் அவர்களில் ஏராளம். மின்னஞ்சலின் அடியில் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னப் படத்துக்கு 'டேக்' என்று பெயர். பின்புலத்தை வெட்டியெறிந்த உருவப் படங்களுக்கு 'ட்யூப்'. டிசம்பர் வந்தால் டேக்கில் பனி பெய்தாக வேண்டும். எப்படிப் பெய்யவைப்பது என்று ஒருவர் படிப்படியாக எழுதி வைக்க, நூறு பேர் அதைப் பார்த்துச் செய்தார்கள். கணினிக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லேயர், மாஸ்க், ஃபிரேம் போன்ற சங்கதிகளைக் கல்லூரிக்குப் போகாமலே கரைத்துக் குடித்த கூட்டம் அது.

அவர்களுடைய முக்கியத் தந்திரம் ஒரு பொத்தானில் இருந்தது: 'ப்ராப்பகேட் பேஸ்ட்'. பனி மட்டும் விழுகிற 20 ஃபிரேம் ஒரு ஜன்னலில். அசையாத படத்தின் 20 நகல்கள் இன்னொரு ஜன்னலில். இரண்டிலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கிவிட்டு, பனியின் முதல் ஃபிரேமை இழுத்துப் படத்தின்மேல் போட்டால், முதலாவது முதலாவதின் மேலும் இரண்டாவது இரண்டாவதின் மேலுமாகத் தானே போய் உட்காரும். இரு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். இந்த வசதி வந்ததால் பனி தன் படத்தைவிட்டுப் பிரிந்து தனிச் சரக்காயிற்று. மென்பனி, அடர்பனி, சாய்ந்து விழும் பனி, மினுங்கும் பனி என்று வகை பிரித்து வைத்திருந்து, கேட்பவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் செய்த பனி, அவர் பார்த்தேயிராத ஆயிரம் படங்களின்மேல் விழுந்தது.

விழுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 400 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம் உள்ள ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். பனி லேயரை ஃபிரேமுக்கு 10 பிக்சல் கீழே தள்ளுகிறோம். சும்மா தள்ளினால் மேலே வெற்றிடம் திறக்கும். அதனால் 'ஆஃப்செட்' ஃபில்டரில் சுற்றிவரச் செய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். அடியில் வெளியேறியது உச்சியில் நுழையும். 20 ஃபிரேம் ஆனதும் லேயர் சரியாக 200 பிக்சல் பயணம் செய்து தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கும். 21-ஆவது ஃபிரேமும் முதல் ஃபிரேமும் ஒன்றேதான், ஆகவே அது தேவையே இல்லை. ஒரு ஃபிரேமுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் 2 வினாடிக்கு ஒரு சுற்று. தையல் தெரியாது.

ஆனால் ஒரே லேயர் விழுந்தால் அது பனியாக இருக்காது; பனி அச்சிட்ட ஒரு துணி கீழே இறங்குவதாகத்தான் தெரியும். ஆழம் வேண்டும். கிட்டத்தில் உள்ள துகள் பெரிதாகவும் வேகமாகவும், எட்டத்தில் உள்ளது சிறிதாகவும் மெதுவாகவும் போக வேண்டும். உண்மையில் பெரிய துகளும் சிறிய துகளும் விழும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. காற்றின் தடையால் பெரும்பாலும் வினாடிக்கு 1 மீட்டரை ஒட்டியே இறங்குகின்றன. வேக வித்தியாசம் நம் கண்ணின் பார்வைக்கோணம் உண்டாக்குவது. அதைப் படத்தில் கொண்டுவர இரண்டாவது லேயரை ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று நகர்த்துகிறோம். இங்கேதான் சிக்கல். 20 ஃபிரேமில் அது 100 பிக்சல்தான் போயிருக்கும், பாதி வழி. சுற்று முடிந்து முதல் ஃபிரேமுக்குத் திரும்பும்போது பின்னணிப் பனி மொத்தமும் ஒரு துள்ளல் துள்ளும். ஃபிரேம்களை 40 ஆக்கினால் தீரும், ஆனால் கோப்பு இருமடங்கு கனக்கும். தேர்ந்த கைகள் வேறு வழி போயின. பின்னணி லேயரை 100 பிக்சல் உயரத்துக்கு மட்டும் செய்து, அதையே மேலும் கீழுமாக இரண்டு முறை அடுக்கினார்கள். இப்போது 100 பிக்சல் பயணமே அதற்கு ஒரு முழுச் சுற்று. மேல்பாதியில் உள்ள அதே பனி கீழ்ப்பாதியிலும் இருப்பதைப் பொடித்துகள்களில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஆசைக்கு 7 பிக்சல் என்று வைத்தவர்களின் பனி இன்றைக்கும் ஏதாவதொரு பழைய பக்கத்தில் 2 வினாடிக்கு ஒருமுறை விக்கிக்கொண்டிருக்கும்.

சுற்றிச் சுற்றி வரும் அசைவுப்படங்களில் பனிக்கு ஈடானது எதுவுமில்லை என்பது என் கட்சி. ஓடுகிற நாயைச் சுழலவிட்டால் மூன்றாவது சுற்றில் நமக்குத் தெரிந்துவிடும். எரியும் மெழுகுவத்தி ஐந்தாவது சுற்றில் காட்டிக்கொடுத்துவிடும். பனியில் நாம் எந்த ஒரு துகளையும் பின்தொடர்ந்து போவதில்லை. தொடர்ந்தாலும் அது அடியில் மறைந்ததும் விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கிறோம். அந்த இன்னொன்று சற்றுமுன் பார்த்த அதே துகளாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு பொருள், தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு வடிவத்துக்குள் வந்து பொருந்தியிருக்கிறது.

அழகுக்காகச் சிலர் பொடிப்பனியோடு திருப்தியடையாமல் நட்சத்திர வடிவத் துகள்களையும் மிதக்கவிட்டார்கள். அந்த வடிவம் உலகுக்கு நெருக்கமானதில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜெரிக்கோ என்ற சிற்றூரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரியில் நுண்ணோக்கியைக் கேமராவோடு பொருத்திப் பனிப்படிகம் ஒன்றைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5000-க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்தார். அவருடைய பெரும் தொகுப்பு 1931-இல் நூலாக வந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு நிமோனியாவில் இறந்துபோனார். பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியதில் வந்த காய்ச்சல் என்பார்கள்.

பென்ட்லியின் படிகங்களுக்கு ஆறு கைகள். உறையும் நீரின் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதன் விளைவு அது. பிக்சல் கட்டமோ சதுரம். அதில் நேர்க்கோடும் கிடைக்கோடும் மூலைவிட்டங்களும் இழுத்தால் எட்டுக் கைகள் தானாக வந்துவிடும். 60 பாகைச் சாய்வில் ஒரு கோட்டை 7 பிக்சலுக்குள் வரைந்து பாருங்கள், பல்லிளிக்கும். அதனால் ஜிஃப் பனியில் எட்டுக்கை நட்சத்திரங்கள் குவிந்தன. இயற்கையில் இல்லாத ஒரு பனி. வாழ்த்து அட்டைகளிலும் உறைத் தாள்களிலும் இந்தத் தவறு வேறு காரணங்களுக்காக முன்பே இருந்ததுதான். திரையில் மட்டும், வரைந்தவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பனி எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கேள்வி. பெத்லகேமில் பனி விழுவது அபூர்வம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக்கொண்டு அச்சிட்ட அட்டையைத்தான் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை என்பார்கள். அதில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி மது அருந்துகிறது. இரு பக்கமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கப்படுகின்றன. பனி ஒரு துளியும் இல்லை. பின்னால் வந்த விக்டோரியா கால அட்டைகள்தான் வெள்ளை பூசிய கூரைகளைக் கொண்டாடத் தொடங்கின. வடக்கு ஐரோப்பாவின் ஒரு பருவநிலை அச்சுத்தாள் ஏறி உலகம் முழுக்கப் போனது. டிசம்பரில் வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவிலும் அந்த அட்டைதான்.

போன இடமெல்லாம் பனிக்கு மாற்று தேடினார்கள். வியன்னாவில் அறுவைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்ஸி, 1900-இல் மின்விளக்கின் ஒளியைக் கூட்ட வழி தேடி, நீர் நிரம்பிய கண்ணாடிக் குமிழுக்குள் ரவையைக் கொட்டிப் பார்த்தார். ஒளி கூடவில்லை, ரவை மெல்ல மெல்ல இறங்கியது பனியாகத் தெரிந்தது. குமிழுக்குள் மரியட்ஸெல் தேவாலயத்தின் சிறு உருவை வைத்தார். பாரிஸில் 1878-லேயே இத்தகைய குமிழ்கள் காட்சிக்கு வந்துவிட்டன, எனவே முதல்வர் என்ற பட்டம் பெர்ஸிக்குப் பொருந்தாது. ஆனாலும் அவர் குடும்பம் வியன்னாவில் இன்னமும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. குலுக்கினால் மறுபடி பெய்யும் அந்தக் குமிழை ஜிஃப் பனியின் பாட்டனார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஹாலிவுட் பக்கம் கதை அவ்வளவு இனிமையானதில்லை. கல்நார்த் தூளையே பனியென்று நடிகர்கள் தலையில் கொட்டியிருக்கிறார்கள். வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸ் மிதிபடும்போது நொறுங்கும் சத்தத்தால் வசனத்தைப் பின்னால் தனியாகப் பதிய வேண்டியிருந்தது. 1946-இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்குத் தீயணைக்கும் நுரையோடு சோப்பும் நீரும் கலந்து, சத்தம் போடாத பனி செய்தார்கள். கலிபோர்னியாவின் கோடை வெயிலில் எடுக்கப்பட்ட அந்தப் பனிக்கு ஆஸ்கார் கழகம் தொழில்நுட்ப விருது கொடுத்தது.

ஜிஃப் பனி இவை எல்லாவற்றையும்விட மலிவு. ஆனால் அதற்கும் ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியைச் செய்தது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த கம்ப்யூசர்வ் நிறுவனம். ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் 1987 ஜூனில் ஜிஃப் வந்தது. வெவ்வேறு வகைக் கணினிகளுக்கு, ஆமை வேகத் தொலைபேசிக் கம்பி வழியே, வண்ணப் படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். 1989-இல் வந்த 89ஏ பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருப்பு நேரம் குறிக்கவும், ஒரு நிறத்தை ஊடுருவும் நிறமாக அறிவிக்கவும் இடம் வைத்தார்கள். அசைவுப்படத்துக்கான தளமாக இதை நினைக்கவில்லை, குறைந்த அளவில் செய்யலாம், அவ்வளவுதான் என்று அந்த ஆவணமே சொல்லிவிட்டது. பெற்றவர்களே அதிகம் எதிர்பார்க்காத பிள்ளை.

ஒருமுறை ஓடி நின்றுவிடும் பனியால் யாருக்கு என்ன பயன்? அதை நிற்காமல் பெய்யவைத்தது வேறொரு நிறுவனம். நெட்ஸ்கேப் தன் உலாவியின் 2.0 பதிப்பில், ஜிஃப் கோப்புக்குள் 19 பைட் நீளமுள்ள ஒரு சிறு துண்டைப் படிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதில் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று எழுதலாம். பூஜ்யம் என்று எழுதினால் முடிவே கிடையாது. நெட்ஸ்கேப் மறைந்து எத்தனையோ காலமாயிற்று. இன்றும் சுற்றுகிற ஜிஃப் ஒன்றை நிரலாளர் கருவியில் திறந்து பார்த்தால் உள்ளே அதன் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கும்.

இந்தப் பெட்டிக்குள் பனியை அடைப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. 256 நிறங்களுக்கு மேல் ஒரு ஃபிரேம் தாங்காது. வெள்ளைப் பனிக்கு இது போதும், தாராளம். நிழற்படத்தின்மேல் பெய்யும்போதுதான் முகத்தின் நிறமும் வானத்தின் நிறமும் பனியின் சாம்பல்களும் அந்த 256-க்காகச் சண்டை போடும். ஊடுருவலிலும் இடைநிலை கிடையாது. ஒரு பிக்சல் ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. மென்மையான விளிம்புள்ள துகளை அதில் வைக்க வேண்டுமென்றால், விளிம்புப் பிக்சல்களை எந்தப் பின்னணியில் வைக்கப் போகிறோமோ அந்த நிறத்தோடு முன்கூட்டியே கலந்துவிட வேண்டும். கறுப்புப் பக்கத்துக்காகச் செய்த பனியை யாராவது எடுத்துத் தங்கள் இளஞ்சிவப்புப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அழுக்கு வளையம் தெரியும். அந்தப் பனி எந்த வீட்டுக்காகச் செய்யப்பட்டது, எங்கிருந்து எடுத்துவரப்பட்டது என்பதற்கு அந்த வளையத்தைத் தவிர வேறு சாட்சி தேவையில்லை.

மிச்சமிருந்தது எடைப் பிரச்சினை. வினாடிக்கு 28,800 பிட் இழுக்கும் மோடத்தில் 50 கேபி வந்து சேர 14 வினாடி ஆகும், கம்பி நல்ல மனநிலையில் இருந்தால். நம் 400-க்கு 200 படத்தின் 20 ஃபிரேம்களைச் சுருக்காமல் வைத்தால் 16 லட்சம் பைட். இதைக் கரைப்பது எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறை. லெம்பெல், ஸிவ் என்ற இரு இஸ்ரேலிய அறிஞர்களின் 1978-ஆம் ஆண்டு யோசனையை டெரி வெல்ச் 1984-இல் செம்மைப்படுத்தியது. பழைய கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஒரே விவரம் திரும்ப வந்தால் 'மேற்படி' என்று போட்டுவிட்டு நகர்வார் அல்லவா, அதே வேலைதான். வரிசை வரிசையாகப் பிக்சல்களைப் படித்துப்போய், முன்பு வந்த தொடர் மீண்டும் வந்தால் அதற்கு ஒரு குறியீட்டை மட்டும் எழுதும். ஒரே நிறத்தில் நீண்டு கிடக்கும் இரவு வானம் என்றால் மேற்படிகள் மயம். நடுவில் ஒரு பனித்துகள் குறுக்கிட்டால் தொடர் அறுந்துவிடும். மென்விளிம்போடு நாலைந்து சாம்பல் நிறம் கொண்ட துகள் என்றால் இன்னும் மோசம்.

செலவு அதோடு நிற்பதில்லை. சிக்கனமான ஜிஃப், முதல் ஃபிரேமை முழுதாக வைத்துவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறிய பிக்சல்களை மட்டும் எழுதி, மற்றதை ஊடுருவும் நிறமாக விட்டுவிடும். துகள் ஒன்று நகரும்போது புதிய இடத்தில் அதை வரைய வேண்டும், பழைய இடத்தில் பின்னால் இருந்த வானத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஒரு துகளுக்கு இரண்டு செலவு. ஆக, பனி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு எடை. பழைய ஜிஃப் பனி ஏன் அவ்வளவு அரிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, விளிம்பு கூராக, சற்றே வெட்டிவெட்டி விழுந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அது செய்தவரின் ரசனைக் குறைவு இல்லை. மோடமும் 256 நிறமும் மேற்படிக் கணக்கும் சேர்ந்து கத்தரித்த வடிவம் அது. அதற்குள்ளும் சிலர் கவிதை செய்தார்கள் என்பதுதான் வியப்பு.

சுருக்க முறைக்குக் காப்புரிமை இருந்தது வேறு பின்னால் தெரியவந்தது. வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் யூனிசிஸ் ஆகியிருந்தது. 1994-இல் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில், ஜிஃப் படைக்கும் மென்பொருள்கள் உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. கோபம் வெடித்தது, காப்புரிமைத் தளை இல்லாத பிஎன்ஜி பிறந்தது, 1999 நவம்பர் 5-ஐ 'ஜிஃப்களை எரிக்கும் நாள்' என்று அறிவித்தார்கள். பனி எரியவில்லை. அன்றைய பிஎன்ஜிக்கு அசையத் தெரியாது என்பதே முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2003 ஜூன் 20 அன்று காப்புரிமை காலாவதியாகி, மற்ற நாடுகளிலும் அடுத்த ஆண்டுக்குள் முடிந்தது. அதற்குள் சண்டைக்கான சூடு ஆறிவிட்டிருந்தது.

ஜிஃப் பனியின் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் ஜியோசிட்டீஸ் என்பேன். 1994-இல் தொடங்கிய அந்தச் சேவை யாருக்கும் இலவசமாக இடம் கொடுத்தது. குடும்பப் படங்கள், செல்ல நாயின் பிறந்தநாள், ரசிகர் பக்கங்கள், எல்லாவற்றின்மேலும் டிசம்பரில் பனி. ஒரு சிறு சதுரப் பனி ஜிஃபை முழுப் பக்கத்துக்கும் ஓடுபோலப் பதித்தால், ஒவ்வொரு ஓடும் ஒரே கணத்தில் ஒரே அசைவாக அசையும். எழுத்தைப் படிக்க முடியாது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. யாகூ 1999-இல் அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்கச் சேவையை மூடியது. மூடுவதற்குமுன் தன்னார்வலர்கள் இரவுபகலாக இறக்கி வைத்ததில் ஒரு பங்கு பிழைத்தது. 2016-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அந்தப் பக்கங்களில் கிடந்த 45 லட்சத்துக்கும் மேலான அசையும் ஜிஃப்களைத் தேடும்படி ஒரு கிடங்காக்கியது. தொடக்கத்தில் அங்கே தேடல் நடந்தது கோப்பின் பெயரைக் கொண்டு. படைத்தவர் பெயர் எதற்கும் இல்லை. 'பனி', 'பனி2', 'புதுப்பனி' என்ற ரீதியில் ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

இதற்கிடையில் கருவிகளும் மாறின. ஜாஸ்கை 2004-இல் கோரல் வாங்கியது. அனிமேஷன் ஷாப் 3-ஆம் பதிப்போடு நின்றுபோனது. இமேஜ்ரெடியை அடோபி 2007-இல் நிறுத்தி, அதன் வேலையை ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பனி பெய்யவைக்க இப்போது ஃபிரேம் எண்ணத் தேவையில்லை. கைப்பேசிச் செயலிகளில் விரலால் ஒரு தட்டு போதும்.

பிறகு நடந்தது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது. 2014-இல் ட்விட்டர் ஜிஃப்களை அனுமதித்தபோது, ஏற்றப்படும் கோப்பை உள்ளுக்குள் எம்பி4 வீடியோவாக மாற்றிக்கொண்டது. வாட்ஸ்அப்பில் 'ஜிஃப்' என்று பெயர் தாங்கி வருவதும் சத்தமில்லாத எம்பி4-தான். வீடியோவுக்கு நிறப் பஞ்சம் இல்லை; கோப்பும் பெரும்பாலும் ஜிஃபைவிட மிகச் சிறியது. ஓடுகிற நாய், சிரிக்கிற குழந்தை, தலையாட்டும் நடிகர் எல்லோரும் இதில் லாபம் அடைந்தார்கள். நட்டப்பட்டது பனி. வீடியோச் சுருக்கம் படத்தைச் சதுரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் முந்தைய ஃபிரேமில் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்று தேடும். கார் என்றால் மொத்தத் துண்டும் ஒரே பக்கம் நகரும், கண்டுபிடித்துவிடலாம். பனியில் ஒரே துண்டுக்குள் முன்வரிசைத் துகள் வேகமாகவும் பின்வரிசைத் துகள் மெதுவாகவும் போகும், பின்னணி அசையாமல் நிற்கும். எந்த நகர்வைக் குறிப்பது? திண்டாடி, கொடுத்த பிட்களுக்குள் சமாளிக்க, துகள்களைக் கரைத்துக் குழம்பாக்கிவிடும். பனியும் காகிதத் துணுக்கு மழையும் வீடியோ பொறியாளர்களுக்கு வேப்பங்காய். பழைய பெட்டியில் குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு துகளும் கூராக விழுந்த பனி, வசதியான புதுப் பெட்டியில் கலங்கலாக விழுகிறது. ஊடுருவலும் போயிற்று, இந்த வீடியோவில் பனி தன் பின்னணியோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், பிரித்தெடுத்து வேறு படத்தின்மேல் போட முடியாது.

நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் டிசம்பர் 24 இரவு கைப்பேசிக்குக் கைப்பேசி பறப்பது இந்தக் கலங்கல் பனிதான். தேவாலய வளாகத்துக் குடிலில் பஞ்சைப் பிய்த்துக் கூரையில் ஒட்டிவிட்டு வந்த கையோடு, வேத வசனமும் நட்சத்திரமும் வைத்த வாழ்த்தைக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். யாரோ ஒருவர் அதைச் சேமித்து, கீழே தன் குடும்பத்தின் பெயரை எழுதி, மீண்டும் ஏற்றுகிறார். இன்னொரு முறை சுருங்குகிறது. நாலு கை மாறியதற்குள் துகள்கள் அசையும் கறைகளாகிவிடும். பெயர்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும். வாழ்த்தில் பெயர்தானே முக்கியம், அந்த அளவில் குறையில்லை.

துகளைத் துகளாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இப்போது இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப் 2020-இல் அசையும் ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்தது. அவை வெப்பி என்ற வடிவத்தில் வருகின்றன. நிறங்களுக்கு 256 என்ற கூரை இல்லை. ஊடுருவலிலும் 256 படிநிலைகள் உண்டு. கறுப்பு வளையம் போயேபோய்விட்டது. அரட்டைத் திரையின் பின்புலம் எந்த நிறமானாலும் துகளின் விளிம்பு அதில் மெல்லக் கரைகிறது. பனி மறுபடி படத்திலிருந்து பிரிந்து தனியாளாகிவிட்டது. ஆனால் நிபந்தனை உண்டு: 512-க்கு 512 பிக்சல், 500 கேபிக்குள். அதற்கு மேல் ஒரு பைட் போனாலும் ஏற்காது. ஆகவே இன்று பனி ஸ்டிக்கர் செய்கிறவர்களும் ஃபிரேமைக் குறைக்கலாமா, துகளைக் குறைக்கலாமா என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள். முதலில் கழற்றப்படுவது பின்வரிசைப் பொடிப்பனி. அதுவும் போதவில்லையென்றால் சுற்றின் நீளம். முன்னால் விழும் பத்துப் பன்னிரண்டு பெரிய துகள்களில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை.